அதே நாரைதானா?

முதல் நாள்: மன்னார்குடி, வடுவூர்

மன்னை எக்ஸ்பிரஸ் விடியும் நேரத்தில் மன்னார்குடியில் இறக்கிவிட்டது. ஸ்டேஷன் வாசலில் மாமா டிவிஎஸ் 50-இல் சாய்ந்து நின்றார், தலையைச் சுற்றி மஃப்ளர். அம்மாவின் தம்பி. ஒன்பது மா நிலமும் எதற்கும் அசராத மனசும் அவர் சொத்து.

“என்ன மாப்ள, இந்தத் தடவையும் கொக்கு பாக்கத்தானா?”

“கொக்கு இல்ல மாமா. ஒரே எடத்துக்குத் திரும்பித் திரும்பி வந்து கூடு கட்டுற பறவைங்க.”

“அதுல பாக்க என்ன இருக்கு? வருசா வருசம் அதே மரத்துக்குத்தான் வருது. அதே நாரைதான்.”

அதே நாரைதான். ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கு வருவதற்குள் இந்த வார்த்தை என்னைப் பிடித்துக்கொண்டது. ‘அதே மரம்’ என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்லலாம். ‘அதே நாரை’ என்பதை எப்படிச் சொல்வது? ஒரு நாரைக்கும் இன்னொரு நாரைக்கும் நமக்கு வித்தியாசம் தெரியாதே.

பொங்கல் முடிந்து இரண்டு வாரம். சம்பா அறுவடை பாதி ஆகியிருந்தது. ரோட்டின் ஒரு பக்கம் முழுக்க நெல் காய்ந்தது. கொள்முதல் நிலையத்து வாசலில் தார்ப்பாய் போர்த்திய குவியல்கள் வரிசையாக நின்றன. அறுவடை மெஷின் போகும் வயலில் எல்லாம் அதன் பின்னாலேயே உண்ணிக்கொக்குகள். மெஷின் திரும்பினால் அவையும் திரும்பின, கூலிக்கு வந்த ஆட்கள் மாதிரி.

வடுவூர் ஏரி தஞ்சாவூர் ரோட்டில், மன்னார்குடியிலிருந்து அரை மணி நேரம். வெளியூரில் வடுவூர் என்றால் கபடி என்பார்கள், இல்லையென்றால் கோதண்டராமர் கோயில் என்பார்கள். ஏரி மூன்றாவதுதான். பாசன ஏரி இது. காவிரித் தண்ணீர் வாய்க்கால் வழியாக வந்து நிரம்பும், மிச்சத்தை வடகிழக்குப் பருவமழை பார்த்துக்கொள்ளும். 1999-இல் சரணாலயம் ஆனது, 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தது.

ஏரி நடுவில் ஊசிவால் வாத்து, தட்டைவாயன், நீலச்சிறகி. எல்லாம் வடக்கிலிருந்து வந்த விருந்தாளிகள். பைனாகுலரை மாமா வாங்கியவர் திருப்பித் தரவில்லை. நான் வெறும் கண்ணால் பார்த்துக்கொண்டே, எனக்குத் தெரிந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பறவைகளில் பொதுவாக, பிறந்த இடத்தை விட்டு அதிக தூரம் போவது பெண்தான். ஆண், பிறந்த இடத்துக்கோ போன வருடம் கூடு கட்டிய இடத்துக்கோ பக்கத்திலேயே திரும்பி வந்து நிற்கும். பாலூட்டிகளில் பெரும்பாலும் இது தலைகீழ். வாத்துகள் மட்டும் பறவைக் குலத்தில் பிறந்து வேறு வழக்கம் வைத்திருக்கின்றன. பெரும்பாலான வாத்து இனங்கள் குளிர்காலத்தில்தான் ஜோடி சேர்கின்றன, அதாவது இந்த வடுவூர் மாதிரி ஏரிகளில். வசந்தத்தில் பெட்டை தன் பிறந்த ஊரைப் பார்த்துப் பறக்கும். ஆண் பேசாமல் அதன் பின்னாலேயே போகும். அது ஆணுக்கு முன்பின் தெரியாத ஊராகக்கூட இருக்கும்.

மாமா பைனாகுலரை இறக்கினார். “வீட்டோட மாப்பிள்ளை!”

“அதேதான்.”

“அப்ப என் கதை பரவாயில்ல” என்றார். அத்தை பிறந்த ஊர் உதயமார்த்தாண்டபுரத்துக்குப் பக்கம். நாளை அங்கேதான் போகிறோம், அவர் மாமியார் வீட்டில் சாப்பாடு.

இரண்டாம் நாள்: உதயமார்த்தாண்டபுரம்

திருத்துறைப்பூண்டி தாண்டி முத்துப்பேட்டை ரோட்டில் இருக்கிறது. ஏரி சிறியது, வடுவூரில் பாதிகூட இல்லை. ஆனால் இங்கே பறவை தங்க மட்டும் வருவதில்லை, குடும்பம் நடத்த வருகிறது. ஏரிக்குள் நிற்கும் நாட்டுக்கருவேல மரங்களில் மாடி மாடியாகக் கூடுகள். நத்தைக்குத்தி நாரை, வெள்ளை அரிவாள் மூக்கன், வக்கா, நீர்க்காகம், பாம்புத்தாரா. முதலில் மூக்குக்குத்தான் தெரியும். எச்ச வாடை அரை ஃபர்லாங் முன்பே வந்து வரவேற்றது. பிறகு காதுக்கு: குஞ்சுகளின் கரகரப்பும், நாரைகள் அலகோடு அலகு தட்டும் சத்தமும்.

ஜனவரி கடைசி என்பதால் நிறையக் கூடுகள் காலி. மிச்சம் இருந்தவற்றில் குஞ்சுகள் அம்மா அளவுக்கு வளர்ந்து நின்றன. நத்தைக்குத்திக் குஞ்சை அடையாளம் காண ஒரு வழி இருக்கிறது. பெரிய பறவையின் அலகை மூடினாலும் நடுவில் ஒரு சந்து தெரியும், பாக்குவெட்டி சரியாக மூடாத மாதிரி. குஞ்சுக்கு அந்தச் சந்து கிடையாது, வயது ஏற ஏறத்தான் வரும். வயலில் நத்தையைப் பிடித்து ஓட்டிலிருந்து சதையை உருவி எடுப்பதில் இந்தப் பறவைக்கு இணை இல்லை. டெல்டாவில் நத்தைக்குப் பஞ்சமும் இல்லை.

மாமா ஒரு குறிப்பிட்ட மரத்தைத் தேடிக்கொண்டிருந்தார். கரையிலிருந்து மூன்றாவது மரமாம்.

“இங்க ஒரு நொண்டி நாரை இருக்கும் மாப்ள. எடது கால் முட்டிக்குக் கீழ வளைஞ்சிருக்கும். மூணு பொங்கலா பாக்குறேன். இதே மரம், இதே பக்கம். இப்ப சொல்லு, அதே நாரையா இல்லையா?”

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. ஏனென்றால் அவர் சொன்னது சரியான ஆதாரம். பறவை ஆராய்ச்சி இப்படித்தான் ஆரம்பித்தது. 1822-இல் ஜெர்மனியில் ஒரு செங்கால் நாரை, கழுத்தில் குத்திய ஆப்பிரிக்க ஈட்டியோடு வந்து இறங்கியது. குளிர்காலத்தில் இவை எங்கே போகின்றன என்று ஐரோப்பாவில் ஆளுக்கு ஒரு கதை சொல்லிக்கொண்டிருந்த காலம். அந்த ஈட்டி பதில் சொல்லிவிட்டது. அம்மை தடுப்பூசிக்குப் பெயர்போன எட்வர்ட் ஜென்னர், உழவாரன் என்ற பறவைகளைப் பிடித்து இரண்டு நகங்களை வெட்டிவிட்டுப் பறக்கவிட்டார். அடுத்தடுத்த வருடங்களில் நகம் வெட்டிய பறவைகள் அதே இடத்துக்கு வந்தன. ஏழு வருடம் கழித்துக்கூட ஒன்று கிடைத்தது. 1899-இல் டென்மார்க்கின் மோர்டென்சன் எண் பொறித்த அலுமினிய வளையத்தை ஸ்டார்லிங் என்ற மைனா வகைப் பறவையின் காலில் மாட்டினார். அதற்குப் பிறகு ஈட்டியும் தேவையில்லை, நகவெட்டியும் தேவையில்லை. மாமாவின் நொண்டி நாரை இந்த வரிசையில் மரியாதையாக நிற்கக்கூடியதுதான்.

ஆனால் ஒரு நொண்டியை வைத்து ஏரி முழுக்கப் பேச முடியாது. நான் கேட்டேன்: “மன்னார்குடிப் பங்குனித் திருவிழாவுக்கு வருசா வருசம் கூட்டம் வருதுல்ல? அதே ஆளுங்களா வர்றாங்க?”

“பாதிப் பேரு அதே ஆளுங்கதான்.”

“மிச்சப் பாதி?”

மாமா மறுபடி பைனாகுலருக்குள் போய்விட்டார்.

கூட்டமாகக் கூடு கட்டும் பறவைகளில் இதுதான் சிக்கல். ஏற்கனவே நாலு பறவை உட்கார்ந்திருக்கும் மரத்தைப் பார்த்தால் புதியதும் இறங்கும். கூட்டம் இருக்கிறதென்றால் தண்ணீர் இருக்கிறது, இரை இருக்கிறது, ஆபத்து குறைவு என்று அர்த்தம். ஆகவே ஏரி வருடா வருடம் நிரம்பி வழிந்தாலும் உள்ளே இருப்பவை எல்லாம் பழைய ஆட்கள் என்று சொல்லிவிட முடியாது. நத்தைக்குத்தி வேறு ஊர் சுற்றும் பறவை. ராஜஸ்தானின் பரத்பூரில் வளையம் மாட்டிய ஒன்று சுமார் 800 கிலோமீட்டர் கிழக்கே கிடைத்தது. தாய்லாந்தில் மாட்டிய ஒன்று வங்கதேசத்தில் கிடைத்தது.

வாட்சர் ஒருவர் சைக்கிளில் வந்தார். பைனாகுலரைப் பார்த்துவிட்டு நின்றார். மரத்துக்கா, ஏரிக்கா, எதுக்குத் திரும்பி வருகின்றன என்று கேட்டேன்.

“தண்ணிக்கு சார்” என்றார் ஒரே வார்த்தையில். அப்புறம் கொஞ்சம் இளகினார். “மேட்டூரு தண்ணி நேரத்துக்கு வந்து ஏரி ரொம்பிச்சுன்னா வந்துரும். ஏரி ரொம்பலன்னா இதே மரம்தான், இதே கிளைதான், ஒண்ணுகூட உக்காராது. மரத்தச் சுத்தித் தண்ணி நிக்கணும். இல்லன்னா நாய், நரி ஏறி வந்துரும்ல.”

அவர் கை காட்டிய பக்கம் இரண்டு கருவேலம் பட்டுப்போய் வெள்ளையாக நின்றன. காரணம் பறவைகள்தான், பல வருட எச்சம். தாங்கள் விரும்பி உட்காரும் மரத்தையே கொன்றுவிட்டுப் பக்கத்து மரத்துக்குக் குடிபோகின்றன. கிளை மாறும், மரம் மாறும், ஏரி மாறாது. ‘அதே இடம்’ என்று நாம் சொல்லும்போது அது எவ்வளவு பெரிய இடம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் போலிருக்கிறது.

பல இனங்களில் இன்னொன்றையும் பார்த்திருக்கிறார்கள். குஞ்சு தேறி வெளியேறிவிட்டால் அடுத்த வருடமும் அங்கேயே வரும். முட்டையைப் பாம்போ காக்கையோ சூறையாடிவிட்டால் இடத்தை மாற்றிவிடும். விசுவாசம் என்று நாம் பெருமையாகச் சொல்வதற்குள் ஒரு கணக்கு இருக்கிறது. மாமாவிடம் சொன்னேன்.

“வெளஞ்ச வயல விட்டுட்டு எவன் போவான்?” என்றார்.

நொண்டி நாரை கண்ணில் படவில்லை. “உள்பக்கத்து மரத்துல இருக்கும்” என்று சொல்லிவிட்டு மாமா வண்டியை எடுத்தார். மாமியார் வீட்டில் விரால் குழம்பு. மாமா வாசலில் ஏறும்போதே குரல் ஒரு சுதி இறங்கிவிட்டது, அதைத் தனியாக எழுத வேண்டும்.

மூன்றாம் நாள்: முத்துப்பேட்டை

ஜாம்புவானோடையிலிருந்து படகு. கோரையாற்றில் ஒரு மணி நேரம், இரண்டு பக்கமும் அலையாத்திக் காடு, பிறகு காயல். கல்லணையில் பிரிந்து பிரிந்து வந்த தண்ணீரில் வயலுக்குப் போனது போக மிஞ்சியது இங்கே வந்து கடலோடு கலக்கிறது. கஜா புயலில் (2018 நவம்பர்) இந்தப் பக்கம் பட்ட அடியைப் படகுக்காரர் இன்னும் நேற்று நடந்தது போலச் சொன்னார்.

சேற்றுத் திட்டில் இறங்கி நாலு அடி வைத்தேன். முழங்கால் வரை உள்ளே போனது. காலை எடுத்துவிட்டார்கள், செருப்பை எடுக்க முடியவில்லை. வேறொன்றும் எழுதுவதற்கில்லை. வேதாரண்யத்தில் புதுச் செருப்பு வாங்கினேன், கடிக்கிறது.

நான்காம் நாள்: கோடியக்கரை

இன்றைக்குத்தான் நான் வந்த வேலை.

வேதாரண்யத்திலிருந்து தெற்கே போகும் ரோட்டில் அகத்தியன்பள்ளி உப்பளங்கள், பிறகு கோடியக்காடு, பிறகு கோடியக்கரை. தமிழகக் கரை வடக்கிலிருந்து வந்து மேற்கே மடங்கும் முனை. 1967-இல் சரணாலயம் ஆனது, 2002-இல் ராம்சார் தலம். வெளிமான் பார்க்க வரும் கூட்டம் காட்டுப் பக்கம் போய்விடும். வனத்துறை அனுமதியோடு நாங்கள் சதுப்பு நிலப் பக்கம் போனோம்.

முதலில் ஒன்றுமே இல்லாத மாதிரி இருந்தது. காற்று தள்ளிவிட்ட முழங்கால் ஆழத் தண்ணீர், அதன் ஓரம் சாம்பல் நிறச் சேறு, கானல். பிறகு சேறு நகர்ந்தது. கொசு உள்ளான்கள்! ஆயிரம் இருக்குமா, மூவாயிரம் இருக்குமா, நான் எண்ணவில்லை. ஒவ்வொன்றும் இருபது முப்பது கிராம்தான். இரண்டு கோழி முட்டையை ஒரு தட்டில் வைத்தால் மறு தட்டில் இவை நாலைந்து வைக்க வேண்டும். அவற்றுக்கு நடுவே அலகு நுனி கீழே வளைந்த வளைமூக்கு உள்ளான்கள், தையல் மெஷின் ஊசி மாதிரி சேற்றைக் குத்திக்கொண்டு. தள்ளி நெடுங்கால் உள்ளான், பவளக்காலி. கரை மேட்டில் தனித்தனியாக, ஒன்றோடொன்று ஒட்டாமல், சாம்பல் உப்புக்கொத்திகள்.

கொசு உள்ளானும் வளைமூக்கு உள்ளானும் கூடு கட்டுவது சைபீரியாவின் வட விளிம்பில், மரமே இல்லாத துந்திரத்தில். கூடு என்றால் தரையில் ஒரு சிறு குழி, அவ்வளவுதான்.

நேற்றுவரை என் மனதில் ஒரு படம் இருந்தது. ஆயிரக்கணக்கான மைல் பறந்து போகும் பறவை, போன வருடம் தான் கிளறிய அதே குழிக்குப் போய் இறங்கும் என்று. சில இனங்களில் அது உண்மையும்கூட. சாம்பல் உப்புக்கொத்தி ஆண்களும் பொன்னிற உப்புக்கொத்தி ஆண்களும் வருடா வருடம் அதே இடத்தைப் பிடித்துக்கொள்ளும். பெட்டைகள் அந்த அளவுக்குப் பிடிவாதம் இல்லை. ஐஸ்லாந்தில் கூடு கட்டும் கருவால் மூக்கன் என்ற கரைப்பறவைகளைக் கவனித்து 2004-இல் ஒரு ஆய்வு வந்தது. ஒரே ஜோடியின் ஆணும் பெண்ணும் குளிர்காலத்தில் சராசரியாக ஆயிரம் கிலோமீட்டர் அளவுக்கு விலகி, தனித்தனி இடத்தில் இருந்தன. வசந்தத்தில் சராசரியாக மூன்று நாள் முன்பின்னாக அதே இடத்துக்கு வந்து சேர்ந்தன. போன் இல்லை, கடிதாசி இல்லை.

ஆனால் என் முன்னால் இருந்த இந்தக் கொசு உள்ளானும் வளைமூக்கு உள்ளானும் அப்படி இல்லை. சைபீரியாவின் வடகோடியில் உள்ள தைமிர் தீபகற்பத்தில் வளையம் மாட்டிப் பார்த்தபோது, அடுத்த வருடம் அதே இடத்துக்குத் திரும்பியவை மிகக் குறைவு. காரணத்தை யோசித்தால் அவற்றைக் குறை சொல்லத் தோன்றாது. பனி ஒரு வருடம் இங்கே முதலில் உருகும், மறு வருடம் அங்கே. லெம்மிங் என்ற எலி வகை அங்கே சில வருடங்களுக்கு ஒரு முறை பெருகிப் பிறகு அருகிவிடும். எலி இருக்கும் வருடம் பனி நரி எலியைத் தின்னும். எலி இல்லாத வருடம் உள்ளான் முட்டையைத் தேடி வரும். அப்படிப்பட்ட ஊரில் நிலையான வீட்டு விலாசம் வைத்து என்ன செய்வது? எங்கே பனி விட்டிருக்கிறதோ அங்கே இறங்கி, ஆறு ஏழு வாரத்தில் வேலையை முடித்துக்கொண்டு கிளம்புகிறது. வளைமூக்கு உள்ளானில் ஆண் அடைகூடக் காப்பதில்லை, முதலில் கிளம்புவதும் அதுதான். கொசு உள்ளானில் சில சமயம் பெட்டை இரண்டு குழியில் முட்டையிடும், ஒன்றை ஆண் அடைகாக்கும், மற்றதைத் தான் பார்த்துக்கொள்ளும்.

சரி, அங்கே நிலையான இடம் இல்லை. இங்கே?

1980-களில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் இந்தச் சதுப்பில் இரவு இரவாகப் பறவை பிடித்து வளையம் மாட்டினார்கள். வழி வழியாகப் பறவை பிடிப்பதே தொழிலாக இருந்த பீகார் மிர்ஷிகார்களின் கைப்பழக்கம் அதற்குப் பெரிய துணை. இங்கே மாட்டிய வளையங்களோடு அடுத்தடுத்த குளிர்காலங்களில் இதே சேற்றில் பறவைகள் திரும்பப் பிடிபட்டன. துந்திரத்தில் விலாசம் இல்லாத பறவைக்குக் கோடியக்கரையில் விலாசம் இருக்கிறது. முதல் வருடக் குஞ்சுகளில் பல, கோடையில் வடக்கே போகாமல் இங்கேயே தங்கிவிடுவதும் உண்டு. மே மாத வெயிலில் கோடியக்கரையில் சைபீரியப் பறவை!

இதை எல்லாம் நான் உற்சாகமாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது மாமா உப்புக்கொத்தியையே பார்த்துக்கொண்டிருந்தார். “அது ஏன் யாரையும் பக்கத்துல விட மாட்டேங்குது?”

நல்ல கேள்வி. உப்புக்கொத்திகளில் சில, இரை தேடும் இடத்துக்கும் வரப்பு கட்டிக்கொள்ளும். ஹவாய்த் தீவில் பொன்னிற உப்புக்கொத்திகள் குளிர்காலம்தோறும் அதே புல்வெளிக்கு வந்து, அடுத்தவனை விரட்டிக்கொண்டு நிற்பதை வருடக்கணக்கில் பதிவு செய்திருக்கிறார்கள்.

“வரப்புத் தகராறு” என்றார் மாமா. அந்த விஷயத்தில் அவருக்கு அனுபவம் உண்டு.

வெயில் சாயும் நேரம். உள்ளான்கள் இரை தேடுவதை நிறுத்திவிட்டு, தண்ணீர் ஓரம் ஒரு மேட்டில் காற்றைப் பார்த்து வரிசையாக நின்றன. அப்போதுதான் பார்த்தேன், ஒரு வளைமூக்கு உள்ளானின் வலது காலில் ஒரு சின்னக் கொடி. வளையம் பழைய முறை. இப்போது பிளாஸ்டிக் கொடியில் எழுத்தும் எண்ணும் பொறித்து மாட்டுகிறார்கள், பறவையைப் பிடிக்காமலே தூரத்திலிருந்து படிக்கலாம்.

படிக்கலாம், பறவை ஒத்துழைத்தால். நான் டெலஸ்கோப்பை முக்காலியில் மாட்டி, திருகி, குனிந்து கண்ணை வைத்த நேரம் அது வலது காலை மடக்கி வயிற்றுக்குள் செருகிக்கொண்டு ஒற்றைக்காலில் நின்றது. சூடு வெளியே போகாமல் இருக்க அப்படித்தான் நிற்கும். நாங்கள் நாற்பது நிமிடம் காத்திருந்தோம். நாற்பது நிமிடமும் அது இடது காலில்தான் நின்றது.

“என்ன எழுதியிருக்கு?” என்று மாமா மூன்று தடவை கேட்டார். இருட்டிவிட்டது. கொசு வேறு, உண்மையான கொசு.

ஐந்தாம் நாள்: மறுபடி கோடியக்கரை

இரவு வேதாரண்யம் லாட்ஜில் ஃபேன் ஓடவில்லை. தூக்கம் வராததற்கு அது மட்டும் காரணம் என்று சொல்ல மாட்டேன். காலை ஐந்து மணிக்கே மாமா என் கதவைத் தட்டினார். பஸ் பதினொரு மணிக்கு, அதற்குள் ஒரு தடவை போய்ப் பார்த்துவிடலாம் என்றார். முதல் நாள் ‘அதுல பாக்க என்ன இருக்கு’ என்றவர்.

பனி மூட்டம். நேற்றைய மேடு தெரிய ஆறே முக்கால் ஆனது. உள்ளான்கள் அங்கேயே இருந்தன, ஆனால் நிற்கவில்லை, சேற்றில் ஓடி ஓடி மேய்ந்தன. எனக்கு முன்னால் மாமாதான் கண்டுபிடித்தார். “கொடி! அந்தா, ரெண்டு குட்டி உப்புக்கொத்திக்கு நடுவுல!”

டெலஸ்கோப்பில் பிடித்தேன். வளைமூக்கு உள்ளான், வலது கால், கொடி. ஓட்டத்தில் சேறு ஒட்டியிருந்தது. முதல் எழுத்து தெரிந்தது, கடைசி எண் தெரிந்தது, நடுவில் சேறு. பத்து நொடி கிடைத்திருக்கும். பிறகு எங்கிருந்தோ ஒரு பருந்து தாழ்வாக வர, கூட்டம் மொத்தமும் கிளம்பி, ஒரு முறை வெள்ளையாகவும் ஒரு முறை சாம்பலாகவும் திரும்பி, தெற்கே போய் மறைந்தது.

நோட்டில் எழுதும்போதுதான் கை நின்றது. இரண்டு முனை இருக்கிறது, நடு இல்லை. நேற்று பார்த்ததில் ஒரு எழுத்துகூட இல்லை. கொடி மாட்டிய உள்ளான் இந்தக் கரையில் ஒன்றுதான் என்று யார் சொன்னது? ஒரு ராத்திரி இடைவெளியில், இருநூறு அடி தூரத்தில், இது நேற்றைய பறவையா என்று என்னால் சொல்ல முடியவில்லை. இந்த லட்சணத்தில் மாமாவின் மூன்று பொங்கலை நான் குறுக்கு விசாரணை செய்தேன்.

“அதே குருவிதான் மாப்ள” என்றார் மாமா.

“எப்படிச் சொல்றீங்க?”

“அதே எடத்துலதான மேஞ்சுச்சு.”

நோட்டில் ‘வளைமூக்கு உள்ளான், வலது கால், கொடி பாதி தெரிந்தது’ என்று மட்டும் எழுதிக்கொண்டேன். திரும்பும்போது உப்பளத்துக் கரையில் அந்தச் சாம்பல் உப்புக்கொத்தி, நேற்று நின்ற மண்மேட்டிலேயே தனியாக நின்றது. நான் மாமாவைப் பார்க்கவில்லை.